ஒரே ஒரு கல்லை நம்பி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் எகிப்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பிரமிடு என்றால் கிசாவின் பெரிய பிரமிடுதான் நினைவுக்கு வரும், அடிப்பக்கம் மட்டும் 230 மீட்டர். நான் படிப்பது அதற்கும் முந்தைய குட்டிப் பிரமிடுகளைப் பற்றி. நைல் நதியோரம் எலிஃபன்டைன் தீவு, எட்ஃபு, எல் கூலா, நகாடா, சின்கி என்று தலைநகரத்துக்கு வெகு தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. அடிப்பக்கம் ஏறக்குறைய 18 மீட்டர். ஒரே கை போட்ட திட்டம் போல அளவு அப்படி ஒத்துப்போகிறது. உள்ளே அறையும் இல்லை, சமாதியும் இல்லை.

எட்ஃபு பிரமிடு எனக்கு ரொம்பப் பிடித்தது. மணல் மூடிக் கிடந்த அந்த மேட்டை ஊர்க்காரர்கள் யாரோ ஒரு ஷேக்கின் அடக்கத்தலம் என்றே நினைத்திருந்தார்களாம். 2010 முதல் சிகாகோ பல்கலைக்கழகக் குழு அங்கே வேலை செய்தது. மணலை வாரியபோது மணற்கல்லும் களிமண் சாந்துமாகப் படிக்கட்டுப் பிரமிடு தெரிந்தது. இப்போது மிஞ்சியிருப்பது 5 மீட்டர் உயரம்தான். கிழக்குப் பக்கத்தில் படையல் வைத்த இடமும் கிடைத்திருக்கிறது. சின்கியிலோ வேலை பாதியில் நின்றுவிட்டது. கல் இழுத்த சாய்தளங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கட்டியது யார்? மூன்றாம் வம்சத்தின் கடைசி அரசன் ஹூனி என்று பல புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. ஆதாரம், 1909 வாக்கில் எலிஃபன்டைனில் கிடைத்த, அவன் பெயர் பொறித்த கூம்பு வடிவக் கருங்கல். அங்கே இருப்பது பிரமிடு என்று தெரிந்ததே 1970களின் இறுதியில்தான். அந்தக் கல் அதைச் சேர்ந்ததுதான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அப்படியிருக்க, அதை வைத்து மற்ற ஊர்ப் பிரமிடுகளையும் அவன் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபையூம் பக்கத்தில் இதே வகையைச் சேர்ந்த, கொஞ்சம் பெரிய சைலா பிரமிடில் 1987-இல் கிடைத்த கல்வெட்டிலோ அடுத்த அரசன் ஸ்னெஃப்ருவின் பெயர் இருந்தது! ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மண்ணிலிருந்தே சான்று கிடைக்க வேண்டும். அதுவரை பெயர்ப்பலகை மாட்டாமல் விடுவதுதான் நியாயம்.

எதற்காகக் கட்டினார்கள் என்பதிலும் பல கருத்துகள். ராணிகளின் நினைவிடம் என்றார்கள் சிலர். ஜெர்மன் தொல்லியல் அறிஞர் ஸ்டீபன் சைடல்மேயர் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஊர்தோறும் விளைச்சலை வரியாக வாங்கும் அரசாங்கம், தன் அரசன் இங்கேயும் இருக்கிறான் என்று குடிமக்கள் கண்ணில் படும்படி நிறுத்திய அடையாளமாம். எலிஃபன்டைன் பிரமிடை ஒட்டியே அரசு நிர்வாகக் கட்டடங்களும் கிடைத்திருக்கின்றன.

தாலுகா ஆபீஸில் காலம் தள்ளியவன் நீ. வரி வசூலிக்கிற இடத்தில் இப்படி ஓர் அடையாளம் தேவைப்படுமா? யோசித்து எழுது. தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்