கணினிசார் உயிரியல்: பழகிய பாடமா, பழகாத பாடமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரியல் தரவுகளைக் கணினிவழி ஆராயும் கணினிசார் உயிரியல் முதுநிலைப் படிப்பில் சேர்வது எப்படி என்று எழுதுவோர் பலர். சேர்ந்தபின் முதன்மைப் பாடங்களாக எவற்றை எடுப்பது என்பதை எழுதுவோர் சிலரே. இரண்டு ஆண்டுப் படிப்பின் போக்கை முடிவு செய்வது அந்தத் தேர்வுதான் என்பதால் இக்கடிதம்.

உயிரியல் படித்து வந்தவர் மூலக்கூறு உயிரியலையும், கணினி அறிவியல் படித்து வந்தவர் நிரலாக்கத்தையும் எடுத்துக்கொண்டு நல்ல மதிப்பெண் பெறுவது வழக்கமாகிவிட்டது. நானும் உயிரியலிலிருந்து வந்தவன், அதையேதான் செய்தேன். பழகிய பாடத்தை இன்னொரு முறை படிக்க முதுநிலைப் படிப்பு எதற்கு என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எந்தத் துறையிலிருந்து வந்தவரும் விடக்கூடாத பாடம் புள்ளியியல். மனிதரிடம் புரதத்தை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. நோயுற்ற திசுவிலும் நலமான திசுவிலும் அவை வெளிப்படும் அளவை ஒப்பிட்டு, ஒவ்வொன்றையும் 5 விழுக்காட்டு வரம்பில் (தற்செயலை வேறுபாடாகக் கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து) தனித்தனியே சோதித்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் வேறுபட்டவைபோலத் தோன்றும். இத்தகைய பொய்யான முடிவுகளின் விகிதத்தைக் கட்டுப்படுத்தப் புள்ளியியலாளர்கள் பெஞ்சமினி, ஹோக்பெர்க் இருவரும் 1995இல் வெளியிட்ட திருத்த முறையை இன்றைய மென்பொருள்கள் தாமாகவே செய்துவிடுகின்றன. ஆனால், நோயாளிகளின் மாதிரிகள் அனைத்தையும் ஒரு நாளிலும் மற்றவர்களுடையதை வேறொரு நாளிலும் ஆய்வகத்தில் கையாண்டிருந்தால், நாம் காணும் வேறுபாடு நோயினால் வந்ததா, நாளினால் வந்ததா என்பதை எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல இயலாது. சோதனை வடிவமைப்பைப் படித்தவர் மாதிரிகளைச் சேகரிக்கும் முன்பே இதைக் கேட்டிருப்பார்.

அடுத்தது அல்காரிதம், அதாவது கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறை. டி.என்.ஏ. அல்லது புரத வரிசைகளை ஒப்பிடுவதற்கு நீடில்மேன், உன்ஷ் ஆகியோர் 1970இல் தந்த முறையும், ஸ்மித், வாட்டர்மேன் ஆகியோர் 1981இல் தந்த முறையும், 1990இல் வந்த பிளாஸ்ட் என்னும் விரைவுத் தேடலும் ஒரே வகுப்பில் கற்பிக்கப்படும்போதுதான், வேகத்துக்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்பது புலப்படும். பிளாஸ்ட் காட்டும் இ-மதிப்பு, அதாவது அந்த அளவுக்கு நல்ல பொருத்தங்கள் தற்செயலாக எத்தனை கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு, தேடப்படும் தரவுத்தளத்தின் அளவையும் பொறுத்தது. எனவே, வரிசைகள் இரண்டும் மாறாமலே இருந்தாலும், தரவுத்தளம் பெருகப் பெருக அதே பொருத்தத்தின் இ-மதிப்பும் கூடும். பொத்தானை அழுத்த மட்டும் கற்றவர் இங்கே திகைத்து நிற்பார்.

கணினித் துறையிலிருந்து வருவோர் ஆய்வகப் பயிற்சியுள்ள உயிரியல் பாடம் ஒன்றையாவது எடுக்க வேண்டும். மரபணுத்தொகுதியை நான்கு எழுத்துகளாலான நீண்ட சரமாக மட்டுமே பார்ப்பவருக்கு, ஒரே மரபணுவின் ஆர்.என்.ஏ. நகல் வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டப்பட்டுப் பல புரதங்களைத் தருவது தரவில் நேர்ந்த பிழையாகவே படும்.

பல அடுக்கு நரம்பு வலையமைப்புகளைத் தரவால் பயிற்றுவிக்கும் ஆழ்கற்றல் பாடத்துக்கு இப்போது நெரிசல் அதிகம். புரத வடிவக் கணிப்புக்காக 2024இல் நோபல் பரிசு வழங்கப்பட்ட பிறகு அது இயல்பே. ஆயினும், அக்கணிப்பு 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் சேர்ந்த, சோதனைவழி கண்டறிந்த வடிவங்களைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டது. நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் முடித்தபின் ஆழ்கற்றலை விருப்பப் பாடமாக எடுத்தால் போதும். பைத்தான் அறிமுகத்துக்கு முதன்மைப் பாட இடத்தைச் செலவிட வேண்டாம். அதை விடுமுறையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

நேரியல் இயற்கணிதத்தைக் கடினம் என்று தவிர்த்த நான், ஆய்வேடு எழுதும் பருவத்தில், பல அளவீடுகளைச் சில அச்சுகளாகச் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு வரைந்து கொடுத்த படத்தில் அச்சுகள் எதைக் குறிக்கின்றன என்று வழிகாட்டி கேட்டபோது விடை தெரியாமல் நின்றேன். அப்பாடத்தை அதன்பின் இரவுகளில் தனியே படித்து முடிக்க நான்கு மாதங்கள் பிடித்தன.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்