விங்க்ளர் ஊர்க்காரர்களுக்கு ஒரு நாமக்கல் குடும்பத்தின் நன்றி மடல்

வணக்கம்.

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவருக்குக்கூடத் தமிழ் படிக்கத் தெரியாது. எல்லோருக்கும் ஆங்கிலத்தில் கார்டு எழுதி, கையோடு கொஞ்சம் முறுக்கும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் என் ஆங்கிலம் "தேங்க் யூ சோ மச்"சைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. மனதில் இருப்பதை முழுசாகச் சொல்லத் தமிழ்தான் வேண்டியிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. கனடா என்றாலே டொரண்டோ என்று நினைக்கும் நம் ஆட்கள் யாராவது நாளைக்கு இந்த மாதிரி ஒரு சின்ன ஊரில் வந்து இறங்கினால், முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று இதைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

நாங்கள் இருப்பது மானிடோபா மாகாணத்தின் தெற்கு ஓரத்தில், விங்க்ளர் என்ற ஊரில். வின்னிபெக்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். தெற்கே கொஞ்ச நேரம் ஓட்டினால் அமெரிக்க எல்லை வந்துவிடும். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 13,745. சுற்றிலும் கோதுமை, கனோலா, சோளம், சூரியகாந்தி. மேடு பள்ளமே இல்லாத நிலம். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். இங்கே தானியம் ஏற்றும் டிரெய்லர் செய்கிற தொழிற்சாலையில் அதே வேலை. மானிடோபா 1998-லிருந்து நடத்திவரும் மாகாண நாமினித் திட்டத்தில் (மாகாணமே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் திட்டம்) பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கி, மூத்த மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, இளையவளை வயிற்றில் சுமந்துகொண்டு வந்தோம். அப்போது இந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை.

முதல் நன்றி ரீஜனல் கனெக்ஷன்ஸ் குடியேற்றச் சேவை மையத்துக்கு. விங்க்ளர், மோர்டன், ஆல்டோனா என்று சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் வேலை செய்கிற அமைப்பு இது. ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒரு ஏஜென்ட் (பெயர் வேண்டாம்) "அங்கே போனதும் சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் வேண்டிய அடையாள எண்), ஹெல்த் கார்டு, குழந்தைப் பணம் எல்லாம் நாங்களே முடித்துத் தருவோம்" என்று சொல்லி ஒரு தொகையைக் கறந்திருந்தார். இந்த மையத்தில் அதே வேலைகளைப் பைசா வாங்காமல் செய்கிறார்கள் என்று தெரிந்த அன்று என் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பி.ஆர். வாங்கி வருகிறவர்களுக்கு இந்தச் சேவை இலவசம். செலவு மத்திய குடிவரவுத் துறையுடையது. தயவுசெய்து யாரும் இதற்குப் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

அங்கே எங்களுக்கு அமைந்த செட்டில்மென்ட் ஒர்க்கர் (புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டும் பணியாளர்) பிலிப்பைன்ஸ்காரர். தானும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து இறங்கியவர். அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று, அப்போது எரிச்சலாகவும் இருந்தது. குழந்தைகளுக்கான மாதாந்திர உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பியபோது முதல் பக்கத்தை அவரே எழுதிக் காட்டினார். இரண்டாவது பக்கம் வந்ததும் பேனாவை என் பக்கம் நகர்த்திவிட்டார். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கப் போன் போட வேண்டும் என்றால், நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். எனக்கு வியர்த்துக் கொட்டும். எதிர்முனையில் பேசுகிறவர் மூன்று முறை "பார்டன்?" என்பார். அப்போதும் வாயைத் திறக்க மாட்டார். நிஜமாகவே சிக்கினால் மட்டும் ஒரு தாளில் ஒரு சொல்லை எழுதி நீட்டுவார். மனுஷி உதவி செய்ய உட்கார்ந்திருக்கிறாரா, வேடிக்கை பார்க்கவா என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அக்கா, இப்போது பள்ளிக்கூடம், வங்கி, கார் இன்சூரன்ஸ் என்று எல்லா இடத்துக்கும் நானே போன் போடுகிறேன். வீட்டுக்காரருக்கும் சேர்த்து நான்தான் பேசுகிறேன்.

ஆனால் எங்கே தள்ளிவிட வேண்டும், எங்கே கூடவே நிற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனையில் டாக்டர் சொன்ன ஒரு விஷயம் புரியாமல் நான் பயந்துபோனபோது, "இதில் பயிற்சி எல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடிக்க ஏற்பாடு செய்தார். அந்தக் குரல் யாழ்ப்பாணத் தமிழ். "பயப்பிடாதேங்கோ, சீனி கொஞ்சம் கூடத்தான் இருக்கு, சாப்பாட்டில பாத்துக்கொள்ளலாம் எண்டு டொக்டர் சொல்லுறா" என்றது. முகம் தெரியாத அந்த அம்மாவுக்கும் என் நன்றி.

அடுத்து ஆங்கில வகுப்பைப் பற்றி. முதலில் ஒரு தேர்வு வைத்து, கனடிய மொழி அளவுகோலில் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து வகுப்பில் சேர்ப்பார்கள். பன்னிரண்டு படி உண்டு. நான் எதில் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். என் வகுப்பில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கஜகஸ்தானில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்து இங்கே வந்த ஒரு பாட்டி. மெக்சிகோவிலிருந்து வந்த, தாழ்ஜெர்மன் என்ற ஜெர்மன் வட்டார மொழி பேசும் மெனனைட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பெண்கள் இருவர். 2022-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த உக்ரைன்காரர்கள். இந்த ஊரை உருவாக்கிய மெனனைட்டுகளின் முன்னோர்கள் 1870-களில் எங்கிருந்து வந்தார்கள் என்றால், அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த, இன்றைய உக்ரைன் மண்ணிலிருந்துதான். நூற்றைம்பது வருஷம் கழித்து அதே மண்ணின் பிள்ளைகள் அதே ஊருக்கு வந்து "ஐ ஆம், யூ ஆர்" படிக்கிறார்கள். எங்கள் டீச்சர் இதை வரைபடம் போட்டுக் காட்டியபோது, ஒரு உக்ரைன் பெண் தன் ஊரின் பக்கத்து ஊரைத் தொட்டுக் காட்டினார். இலக்கணம் எனக்கு இன்னும் தகராறுதான். ஆனால் அந்த வகுப்புக்குப் பிறகு நான் மட்டும் வெளியூர்க்காரி என்ற கூச்சம் போய்விட்டது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். மையத்தின் மேல் இல்லை, விதியின் மேல். மத்திய அரசின் பணத்தில் நடக்கும் இந்த வகுப்புகளில் ஒர்க் பெர்மிட்டில், அதாவது தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர்கள் சேர முடியாது. என் வீட்டுக்காரரோடு ஒரே ஷிப்டில் நிற்கும் பையன், இதே குளிரில், இதே இரும்பைப் பிடித்து வேலை செய்கிறான், வரியும் கட்டுகிறான். அவனுக்கு வகுப்பில் இடம் இல்லை. அவனை வெறுங்கையோடு அனுப்பாமல் நூலகத்துக்கு வழி காட்டியவர்களுக்கு நன்றி. நூலகத்தில் அவன் தேடியதற்கு முகம் சுளிக்காமல் புத்தகம் எடுத்துக் கொடுத்து, மெதுவாகப் பேசி, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அடுத்து கார். இந்த நாட்டுப்புறத்தில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன். நம் ஊரில் எந்தக் குக்கிராமத்துக்கும் ஒரு மினி பஸ்ஸாவது வந்து திரும்பும். இங்கே ஊருக்குள் டவுன் பஸ் கிடையாது. மேற்குக் கனடா முழுக்க ஓடிக்கொண்டிருந்த கிரேஹவுண்ட் பஸ்களும் 2018 அக்டோபரோடு நின்றுபோயின. பவுண்டரி டிரெயில்ஸ் மருத்துவமனை விங்க்ளருக்கும் மோர்டனுக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில், வயல்களுக்கு மத்தியில் நிற்கிறது. இரண்டு ஊருக்கும் பொது என்பதால் யாருக்கும் நடக்கிற தூரத்தில் இல்லை. நாங்கள் வந்ததோ நவம்பர்.

அந்தக் குளிர்காலம் முழுக்க என்னைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவர், விவசாயத்தை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவர். பெட்ரோல் காசு கொடுக்கப் போனால் வாங்க மாட்டார். "என் மனைவி வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்கிறாள், அதிலிருந்து தப்பிக்கத்தான் வருகிறேன்" என்பார். கார் வாங்கிய பிறகு எங்களுக்குப் பனியில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். இந்திய லைசென்ஸில் மூன்று மாதம்தான் ஓட்டலாம், அதற்குள் இங்கத்திய எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் பார்க்க வேண்டும். எங்க வீட்டுக்காரர் சேலம் பைபாஸில் ஓட்டிய தெம்பில் இருந்தார். பெரியவர் அவரை ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடந்த ஒரு பார்க்கிங்குக்கு அழைத்துப் போய், வேண்டுமென்றே காரை வழுக்க விட்டுக் காட்டினார். வழுக்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பு. அதோடு எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரின் ஒயரை ராத்திரி பிளக்கில் சொருகும் பழக்கம், டிக்கியில் ஒரு மண்வெட்டி, கம்பளி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கலாம். ஆனால் மைனஸ் முப்பதில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் கிடைத்தது எங்கள் புண்ணியம்.

எதிர் வீட்டுப் பாட்டிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மெனனைட் குடும்பம். நாங்கள் குடியேறிய மறுநாளே கதவைத் தட்டி, "உங்களிடம் ஸ்னோ பேன்ட் இருக்கிறதா?" என்றுதான் முதல் கேள்வி கேட்டார். பெயர்கூட அப்புறம்தான் கேட்டார். எம்.சி.சி. (மெனனைட்டுகளின் நிவாரண அமைப்பு) திரிப்ட் கடைக்கு எங்களை அழைத்துப் போனதும் அவர்தான். ஊர்க்காரர்கள் கொடுக்கும் பழைய சாமான்களைத் தொண்டர்கள் விற்று, வரும் பணத்தை உலகம் முழுக்க நிவாரண வேலைக்கு அனுப்பும் கடைகள் இவை. முதல் கடையே 1972-ல் பக்கத்து ஆல்டோனாவில்தான் தொடங்கியது என்று பாட்டிக்குப் பெருமை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, தொட்டில், என் கனத்த கோட்டு எல்லாம் அங்கே வாங்கியவை. ஓசியில் வாங்கினோம் என்ற கூச்சமும் இல்லை, கடன் வாங்கினோம் என்ற பாரமும் இல்லை. இதையும் யோசித்துத்தான் நேரே கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் மாடும் பன்றியும் சாப்பிட மாட்டோம் என்று தெரிந்ததும் பாட்டி கொஞ்சம் திணறிப் போனார். இந்த ஊரின் பெருமையே பன்றித் தொத்திறைச்சிதான். பிறகு ஒரு ஞாயிறு, உள்ளே தயிர்ப்பாலாடைக் கட்டி வைத்த வெரனிக்கி செய்து வைத்திருந்தார். பார்க்க அச்சு அசல் நம் கொழுக்கட்டை. என் மகன் "அம்மா, பிள்ளையார் சதுர்த்தியா?" என்று கேட்டான்.

அந்த மகனின் பள்ளிக்கூடத்துக்கும் சொல்ல வேண்டும். ஊரில் வாய் ஓயாமல் பேசியவன், இங்கே வகுப்பில் மாசக்கணக்கில் வாயே திறக்கவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. புதிதாக ஒரு மொழிக்குள் வரும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மௌன காலம் இருக்கும், காது வேலை செய்துகொண்டிருக்கிறது, வீட்டில் தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று டீச்சர் பொறுமையாக விளக்கினார். ஆங்கிலம் பேசு, ஆங்கிலம் பேசு என்று அவனை நச்சரித்துக்கொண்டிருந்த என் வாயை அடைத்த அந்த டீச்சருக்குக் கோடி நன்றி. இப்போது அவனை நிறுத்துவதுதான் கஷ்டம்.

மார்ச், ஏப்ரலில் இலவசமாக வரிக்கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கும் தொண்டர்களுக்கும் ஒரு கும்பிடு. வருமானமே இல்லாவிட்டாலும் கணவன் மனைவி இருவரும் ஏப்ரல் 30-க்குள் கணக்குக் காட்டினால்தான் குழந்தைப் பணம் தடையில்லாமல் வரும். அவர்கள் சொல்லவில்லை என்றால் நான் தாக்கல் செய்திருக்கவே மாட்டேன்.

இந்த மையங்களுக்கு இப்போது நேரம் சரியில்லை. 2025-ல் புதிதாக எடுக்கும் நிரந்தரக் குடியேறிகளின் இலக்கை அரசு 5,00,000-லிருந்து 3,95,000 ஆகக் குறைத்தது. ஆள் குறைந்தால் நிதியும் குறையும் என்பது கணக்கு. நகரத்தில் ஒரு மையம் சுருங்கினால் பஸ் பிடித்து அடுத்த மையத்துக்குப் போகலாம். இங்கே அடுத்த மையம் என்பது அடுத்த ஊர், அதற்கும் கார் வேண்டும். ஆகவே ஊர்க்காரர்களே, உங்கள் எம்.பி.யைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்னிடம் இன்னும் ஓட்டு இல்லை. கிடைத்ததும் நானே சொல்வேன்.

எங்கள் பக்கத்திலிருந்து சில ஏற்பாடுகள். தொட்டிலை நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறோம். யாருக்குத் தேவையோ சொல்லுங்கள், வீட்டுக்காரர் கொண்டுவந்து பூட்டிக் கொடுப்பார். புதிதாக வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் பட்டியலில் வியாழக்கிழமைக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஜனவரியில் பொங்கலுக்கு எல்லோரும் வீட்டுக்கு வர வேண்டும். மிளகைக் குறைத்தே போடுகிறேன். பெரியவர் போன தடவை மாதிரி மூன்று கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
நாமக்கல்லிலிருந்து வந்த உங்கள் எதிர் வீட்டுக் குடும்பம்
விங்க்ளர், மானிடோபா