பூக்கல் பட்டறைக்கு ஒரு தனிக் குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிலாளர் நலன் என்றால் தீபாவளிக்குத் துணி, ஆயுத பூஜைக்குப் பொரியும் கையில் கொஞ்சம் பணமும் என்றே நம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பலர் கணக்கு வைத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆத்தங்குடிப் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூவேலைச் சிமெண்டுக் கல், செய்கிறவருக்கு அதற்கு முன்னால் வேண்டியது ஒரு தனித் தண்ணீர்க் குழாய்.

கண்ணாடிமேல் அச்சை வைத்து, சாயம் கரைத்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் பார்க்கிறார்கள். நாள் முழுக்க விரல் ஈரத்தில்தான். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஈரச் சிமெண்டுக்கு 12-க்கும் மேல். சுண்ணாம்புத் தண்ணீருக்குச் சமம். தோலை அரித்துத் தின்னும்போது வலிக்காது, அதுதான் வம்பே. ராத்திரி குழம்புச் சோற்றைப் பிசையும்போதுதான் விரல் இடுக்கு எரியும். சிலருக்குச் சிமெண்டில் இருக்கும் குரோமியம் ஒத்துக்கொள்ளாமல் போய்விடும். அப்புறம் துளி பட்டாலும் கை தடித்துச் சொறியும், லேசில் விடாது.

கையைக் கழுவக் கிட்டத்தில் இருப்பது செய்து முடித்த கல்லை ஊறப்போட்ட தொட்டி. கல்லிலிருந்து சுண்ணாம்பு இறங்கி அந்தத் தண்ணீரே காரமாகியிருக்கும். கரண்டி அலசும் வாளியும் அப்படித்தான். ஆகவே குழாயில் ஓடும் நல்ல தண்ணீர் வேண்டும், சோப்பும் வேண்டும், அதுவும் உட்காரும் இடத்திலிருந்து பத்தடிக்குள். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும் இடத்தில், கொல்லைக் கோடியில் குழாயை வைத்தால் யார் எழுந்து போவார்?

துணிக் கையுறை வாங்கிக் கொடுப்பதற்கு வெறுங்கையே மேல். துணி சிமெண்டுத் தண்ணீரைக் குடித்துத் தோலோடு ஒட்டவைத்துவிடும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, கைக்குச் சரியான அளவில், மணிக்கட்டைத் தாண்டி இருக்க வேண்டும். உள்ளே கலவை புகுந்தால் உடனே கழற்றிக் கழுவி, வேறு ஜோடி போட வேண்டும். கையுறை போட்டால் பதம் தெரியாது என்பார்கள். சாயம் ஊற்றுவது கரண்டியில்தானே. தூவும்போதும் அப்பும்போதும் போட்டால் வேலை கெடாது. தேங்காயெண்ணெய் கை கழுவித் துடைத்தபின் தடவ நல்லது. காலையில் தடவிக்கொண்டு உட்கார்ந்தால் சிமெண்டைத் தடுக்காது.

கண்ணாடி விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். வெட்டுக்காயத்தில் சிமெண்டு இறங்கினால் லேசில் ஆறாது. மணல் சலிப்பதை, ஆட்கள் உட்காரும் இடத்துக்குக் காற்று வரும் பக்கத்தில் வைக்காதீர்கள். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியை நிறுத்தாது, என்95 முகக்கவசம் வேண்டும்.

அடுத்தது இடுப்பு. பத்து அங்குலக் கல் ஒன்று சுமார் இரண்டரை கிலோ. பத்தை அடுக்கித் தூக்கினால் 25 கிலோ. தொட்டி தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு தடவையும் குனிந்து முறுக்கித் தூக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் தொட்டி கட்டி, ஐந்தைந்தாக எடுத்தாலே பாதி வலி குறையும்.

ஒரு சில பேரே வேலை செய்யும் சிறு பட்டறை பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கான சட்டத்துக்குள் வராது. சோதிக்கவும் ஆள் வரமாட்டார். 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழுள்ள நல வாரியத்தில் பதிந்துவைப்பது தொழிலாளிக்குக் கொஞ்சம் துணை. புது வீட்டுக்குக் கல் பார்க்கப் போகிறவர்கள், பூவையும் நிறத்தையும் பார்த்த கையோடு, குழாய் எங்கே என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி