கத்தி வைக்கும் முன்பே கரண்ட் டாக்டரைப் பார்க்க வழி செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மார்பகப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். சுயபரிசோதனை, மேமோகிராம், கூச்சப்படாமல் டாக்டரிடம் போவது எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் கட்டி இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே ஒரு பெண் முன்னால் வந்து நிற்கும் கேள்வியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மார்பை முழுசாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா? எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மதுரை பஸ்தான் பதில் சொல்கிறது.

கட்டியை மட்டும் எடுத்தால் அதற்கப்புறம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். பழைய முறையில் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 5 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். கம்பத்திலிருந்து மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேலாகிறது. தினமும் போய்வருவது நடக்காத காரியம், அங்கேயே தங்கியாக வேண்டும். மகளிர் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி. காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குக் கைகொடுக்கும். அறை வாடகைக்கும் விட்டுப்போன கூலிக்கும் எங்கே போவது? எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். விடியும் முன்பே ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர். அவருக்கு இருந்தது சுண்டைக்காய் அளவுக் கட்டிதான். அக்குளில் இருக்கும் நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் எதுவும் இல்லை. "மொத்தமா எடுத்துட்டா கரண்ட் வேணாம்னாங்க. தம்பி வீட்டுல மாசக்கணக்குல எப்படிம்மா கிடக்குறது? எடுத்துருங்கன்னுட்டேன்" என்றார். எல்லாம் தெரிந்து எடுத்த முடிவென்றால் அது அவர் உரிமை, யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வேறு வழியும் இருக்கிறது என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்த வேறு வழியில்தான் எனக்குச் சிகிச்சை நடந்தது. எனக்கு வயது 56, இடது மார்பில் கட்டி, அளவு 1.4 செ.மீ. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, அது இருந்த இடத்துக்கும் அதைச் சுற்றிக் கொஞ்சத்துக்கும் மட்டும் கரண்ட் வைத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் ஐந்தே தவணை. தவணைக்கு 6 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), ஆகமொத்தம் 30 கிரே. இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. தோல் லேசாகச் சிவந்தது, சில நாள் அசதி இருந்தது, அவ்வளவுதான். இப்போது ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுவருகிறேன்.

நான் புள்ளியியல் துறையில் வட்டார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எண்களைப் பார்க்காமல் எதற்கும் தலையாட்டிப் பழக்கமில்லை. "பாதிக்கு மட்டும் வைத்தால் மீதியில் வந்துவிடாதா?" என்று டாக்டரைக் கேட்டேன். மார்பைக் காப்பாற்றிச் செய்யும் ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பினால், முதலில் கட்டி இருந்த இடத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் திரும்பும் என்றார். அதனால்தான் அந்த இடத்தைக் குறிவைக்கிறார்கள். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரில் 520 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முழு மார்புக்கும் மற்றதற்கு எனக்கு வைத்த அதே ஐந்து தவணையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 10 ஆண்டு கழித்து அதே மார்பில் நோய் திரும்பியது முழு மார்புப் பிரிவில் 2.5 சதவீதம், பகுதி மார்புப் பிரிவில் 3.7 சதவீதம். உயிர் பிழைத்திருப்பதில் வித்தியாசமில்லை. தோல் புண்ணாவது பகுதி மார்புக்கு வைத்தவர்களிடம் குறைவாக இருந்தது. பிரிட்டனில் 50 வயதுக்கு மேற்பட்ட 2018 பெண்களிடம் செய்த ஆய்வின் முடிவு 2017ல் வந்தது. அங்கே பகுதிக்கு மட்டும் 15 நாள் வைத்தார்கள். 5 ஆண்டில் நோய் திரும்பியது 0.5 சதவீதம், முழு மார்புக்கு வைத்தவர்களில் 1.1 சதவீதம். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் சரி என்றேன். இடது மார்பு என்பதால் பின்னாலேயே இதயம் இருக்கிறது. கதிர் படும் இடம் சுருங்கச் சுருங்க இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது என்பதும் எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். கரண்ட் வைக்கும் இடத்தைக் குறிக்க எடுக்கும் பிளானிங் ஸ்கேன் அன்று சாய்வான பலகையில் படுக்க வைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்குளில் நெறி எடுத்த தோள் அது. சுவரில் விரலை ஏற்றி ஏற்றிப் பயிற்சி செய்திருக்காவிட்டால் கை எழும்பியே இருக்காது. மார்க்கரில் கோடு போட்டு, தோலில் சின்னப் பச்சைப் புள்ளிகள் குத்தினார்கள். ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்துக்கு நடுவில் பளிச்சென்று சில வெள்ளைப் புள்ளிகள். ஆபரேஷன் செய்த டாக்டர், கட்டி இருந்த குழியின் சுவர்களில் வைத்துவிட்டு வந்த டைட்டானியம் கிளிப்புகள். அரிசியைவிடச் சின்னதாக இருக்கும், ஆயுசுக்கும் உள்ளேயே இருந்தாலும் ஒன்றும் செய்யாது. "இதை வைத்துத்தான் எங்கே வைக்கணும்னு எனக்குத் தெரியும். இது இல்லேன்னா நான் இருட்டுல தேடணும்" என்றார் டாக்டர்.

என் சித்தி மகளுக்கு அதுதான் இல்லாமல் போனது. வேறொரு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சாதாரணக் கட்டி என்று நினைத்து எடுத்தார்கள். கிளிப் வைக்கவில்லை. எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இருந்ததா இல்லையா என்றும் ரிப்போர்ட்டில் இல்லை. மறுபடி ஆபரேஷன் செய்து ஓரம் சுத்தம் என்று தெரிந்துகொண்டார்கள். ஆனால் ஸ்கேனில் பழைய குழி எங்கே, புதுசு எங்கே என்று பிரிக்க முடியவில்லை. வயது, கட்டியின் அளவு, நெறி எல்லாமே பகுதிச் சிகிச்சைக்குப் பொருந்திவந்தும், முழு மார்புக்கும் மூன்று வாரம் வைக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு அது கெட்ட சிகிச்சை என்று சொல்லவில்லை, நன்றாகவே இருக்கிறாள். ஆனால் அவளுக்கு இருந்த ஒரு வாய்ப்பு, ஆபரேஷன் மேஜையில் சில நிமிட வேலையைச் செய்யாததால் போனது.

எல்லோருக்கும் இது ஆகாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2023ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது 40 அல்லது அதற்கு மேல், கட்டி 2 செ.மீ.க்குள், ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), கிரேடு 1 அல்லது 2 (வேகம் குறைந்த வகை) என்றால் தாராளமாகச் செய்யலாம். 3 செ.மீ. வரை யோசித்துச் செய்யலாம். நெறியில் நோய் இருந்தால், ஓரத்தில் மிச்சமிருந்தால், 40க்குக் கீழே என்றால், குடும்பத்தில் வழிவழியாக வரும் பிராக்கா (BRCA) மரபணுக் கோளாறு இருந்தால் கூடாது. நம் நாட்டில் இந்த நோய் மேலைநாட்டைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது, முற்றியும் வருகிறது. ஆகவே தகுதியுள்ளவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அந்தக் குறைவான பேரில் கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் இருப்பாள் அல்லவா? முறைகளிலும் வேறுபாடு உண்டு. மிலான் நகரில் ஆபரேஷன் மேஜையிலேயே ஒரே தவணையில் எலெக்ட்ரான் கதிர் வைத்துப் பார்த்ததில், 5 ஆண்டில் நோய் திரும்பியது 4.4 சதவீதம், முழு மார்புக்கு வைத்தவர்களில் 0.4 சதவீதம்தான். கனடா தலைமையில் நடந்த ஆய்வில் பகுதி மார்புக்கு நாளுக்கு இரண்டு வேளை வீதம் வைத்தவர்களுக்கு மார்பின் தோற்றம் மோசமானது. ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எந்த முறை என்று கேளுங்கள்.

பகுதிச் சிகிச்சைக்குப் பொருந்தாதவர்களிலும் பலருக்கு இன்னொரு வழி இருக்கிறது. முழு மார்புக்குமே ஒரே வாரத்தில் ஐந்து தவணையாக 26 கிரே வைக்கலாம் என்று பிரிட்டனின் பெரிய ஆய்வு 2020ல் காட்டிவிட்டது. மாசக்கணக்கு என்ற பேச்சையே பலருக்கு எடுத்துவிடலாம். மார்பைக் காப்பாற்றி கரண்ட் வைத்தவர்களும் மார்பை எடுத்தவர்களும் 20 ஆண்டு கழித்தும் ஒரே அளவில்தான் உயிரோடிருந்தார்கள் என்று 2002லேயே அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வுகள் சொல்லிவிட்டன. இது தெரிந்தும் பஸ்ஸுக்கும் வாடகைக்கும் பயந்து ஒரு பெண் மார்பைக் கொடுக்கிறாள் என்றால் மனசு பொறுக்கவில்லை.

அரசிடமும் மருத்துவர்களிடமும் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. பயாப்சியில் புற்று என்று வந்ததும், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பே அந்தப் பெண் கரண்ட் டாக்டர் ஒருவரிடம் பேச வேண்டும். நேரில் போக முடியாவிட்டால் மாவட்ட மருத்துவமனையிலிருந்து வீடியோவில் பேசட்டும். மார்பைக் காப்பாற்றிச் செய்யும் ஒவ்வொரு ஆபரேஷனிலும் கிளிப் வைப்பதைக் கட்டாயமாக்குங்கள். எடுத்த சதையில் எது மேல், எது கீழ் என்று தையல் நூலால் அடையாளம் கட்டி நோய்க்குறியியல் பிரிவுக்கு அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் தாளில் கிளிப் எத்தனை என்று எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாக வரும் சகோதரிகளிடம் இதை ஒரு பக்கத் தமிழ்த் தாளாகக் கொடுத்தனுப்பினால் எங்கள் தெரு அக்கா போன்றவர்கள் கையில் போய்ச் சேரும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாருக்கு எது பொருந்தும் என்று ஒரு கதிர்வீச்சு மருத்துவரையே எழுதவைத்து அதே மருத்துவப் பக்கத்தில் போடுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்று தோன்றினால் என் சொந்தக் கதையை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கிளிப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர்,
கம்பம், தேனி மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம், ஊர் போடலாம்.)