அபோக்கே பிள்ளைகளின் நாடகமும் நம் கலையரங்கத்தின் கூரையும்: நன்கொடை வேண்டுகோள்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பங்கு மக்களுக்கும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஊர்க் கமிட்டியின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். கலையரங்க வேலை முடிய இன்னும் 1,72,500 ரூபாய் வேண்டும். கூரை போடுகிறவர் செப்டம்பர் 15-க்குள் 90,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். அதற்கு மேல் இழுத்தால் வேறு ஊர் வேலையை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, இரண்டு தடவை நமக்காகக் காத்திருந்தவர். அக்டோபர் 10, சனிக்கிழமை இரவு நம் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். அந்தத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். முடியாது. அபோக்கே பிள்ளைகளைக் கடத்திப் போய் அன்றைக்குத்தான் முப்பது வருஷம் ஆகிறது.

வடக்கு உகாண்டாவில் அபோக்கே என்று ஓர் ஊர். அங்கே புனித மரியா பெயரில் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடம். 1996 அக்டோபர் 9 அந்த நாட்டின் சுதந்திர தினம். அன்று இரவு, விடிந்தால் 10-ஆம் தேதி, 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கூட்டம் விடுதிக்குள் புகுந்து 139 பெண்பிள்ளைகளைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனது. பெரும்பாலும் 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள். நம் வீட்டில் ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் படிக்கிற அதே வயது.

பள்ளியின் துணைத் தலைமை ஆசிரியை, இத்தாலியிலிருந்து வந்த அருட்சகோதரி ராக்கேலே ஃபஸ்ஸேரா, விடிந்ததும் ஜான் போஸ்கோ ஓச்சென் என்ற இளம் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் கிளம்பினார். ஆயுதம் எதுவும் இல்லை. கொள்ளையடித்த மிட்டாயைத் தின்றுவிட்டு வழியெல்லாம் எறிந்திருந்த தாள்களைப் பார்த்துப் பார்த்தே நடந்தார்கள். கூட்டத்தைக் கண்டுபிடித்ததும் சகோதரி படைத்தலைவன் முன்னால் முழங்கால் போட்டுக் கெஞ்சினார். என்னை வைத்துக்கொள், பிள்ளைகளை விடு என்றார். அவன் ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கணக்கு எழுதினான்: 109 உனக்கு, 30 எனக்கு.

அந்த முப்பது பேரில் ஒருத்தி மெதுவாக நகர்ந்து 109 பேரோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். அது அவனுக்குத் தெரிந்தால் அந்த 109 பேரையும் விடமாட்டான். சகோதரி அவளைத் திரும்பிப் போகச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் எழுந்து போனாள்.

இந்தக் காட்சியை நம் பிள்ளைகள் ஒத்திகை பார்ப்பதைக் கமிட்டியில் நாங்கள் மூன்று பேர் போய்ப் பார்த்தோம். திரும்பிப் போகிறவளாக நடிப்பது நம் படிப்பு மையத்துப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. மேடையில் அவள் நடக்க வேண்டியது ஏழு எட்டு அடிதான். நான்கு தடவையும் பாதியில் நின்றுவிட்டாள். ஐந்தாம் தடவை பாவாடை நுனியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

சரி, உகாண்டா கதை நம் கடற்கரைக்கு எதற்கு? சிலுவை பிடித்தவர்களைக் கெட்டவர்களாகக் காட்டும் நாடகத்தைக் கோயில் மேடையிலேயே போடலாமா? இப்படிக் கேட்டவர்கள் பெரியவர்கள், மரியாதைக்குரியவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது எங்கள் கடமை.

1986-இல் உகாண்டாவில் ஆட்சி மாறியது. தோற்ற வடக்கத்திப் போர்வீரர்கள் ஊர் திரும்பினார்கள். வடக்கில் வாழும் அச்சோலி மக்களின் சொத்தே மாடுகள்தான். அந்த மாடுகள் கொள்ளை போயின, ஊர் ஒழுங்கு குலைந்தது. அந்த நேரத்தில் ஆலிஸ் அவுமா என்ற பெண் தன்மேல் ஆவி இறங்குவதாகச் சொல்லிப் படை திரட்டினாள். ஷீ மரத்துக் கொட்டை எண்ணெயைப் பூசிக்கொண்டால் குண்டு பாயாது என்று சொல்லி இளைஞர்களைத் துப்பாக்கி முன்னால் நிறுத்தினாள். 1987-இல் ஜிஞ்சா நகருக்குப் பக்கத்தில் அந்தப் படை அழிந்தது. அதே எண்ணெயையும் அதே பேச்சையும் எடுத்துக்கொண்டு வந்தவன் ஜோசஃப் கோனி. சிறு வயதில் பீடச் சிறுவனாகப் பூசைக்கு உதவி செய்தவன் என்று சொல்கிறார்கள். பத்துக் கட்டளைகளின்படி நாட்டை ஆளப்போவதாகச் சொன்னான். 'கொலை செய்யாதே' என்பது அந்தப் பத்தில் ஒன்று. அவன் கூட்டமோ பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போய், தப்பி ஓடிப் பிடிபட்ட பிள்ளையை மற்றப் பிள்ளைகளின் கையாலேயே அடித்துக் கொல்லவைத்தது. மொத்தம் 20,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கடத்தப்பட்டதாகக் கணக்கு. பெண்பிள்ளைகளைத் தளபதிகளுக்கு மனைவியாகப் பங்கு வைத்தார்கள்.

நம் சிலுவை அடையாளத்தைப் போட்டுத்தான் இதையெல்லாம் செய்தார்கள். ஆகவே இதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாயைப் பற்றி ஆண்டவர் எச்சரித்தது வெளியாருக்கு இல்லை, தம் சீடர்களுக்கு.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் நம் கீழத்தெருவுக்கு வெளியூரிலிருந்து ஒரு குணமளிக்கும் கூட்டம் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜெபித்த எண்ணெய் பாட்டில் 500 ரூபாய். மூன்று வீடுகளில் காணிக்கையாகச் சங்கிலி கழன்றது. பெரியவர்கள் நாங்கள் வாய் திறக்கவில்லை. படிப்பு மையத்துப் பிள்ளைகள் பதினான்கு பேர் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, கொடுத்த நகைக்கு ரசீது எங்கே என்று கேட்டார்கள். மறுநாள் பந்தல் பிரிந்தது. அப்புறம் இந்தப் பிள்ளைகள் நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் அபோக்கே கதை அவர்கள் கையில் கிடைத்தது. எண்ணெய் என்ற இடத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதாக மையத்துச் சகோதரி சொன்னார். நாடகத்தை எழுதியதும் அவர்களே.

அந்த முப்பது பேரும் சும்மா இருக்கவில்லை. கிரேஸ் அக்காலோ என்ற 15 வயதுப் பிள்ளை ஏழு மாதத்தில் தெற்கு சூடானிலிருந்த முகாமிலிருந்து தப்பி, இலையையும் மண்ணையும் தின்று உயிர் பிழைத்து வந்தாள். மறுபடியும் படித்தாள். 2009-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் நின்று சாட்சி சொன்னாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் தப்பினார்கள். சிலர் காட்டிலேயே இறந்துபோனார்கள். கடைசியாக வந்தவள் ஊர் சேர்ந்தது 2009-இல். கடத்தலுக்குத் தப்ப, மாலையானால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிராமங்களிலிருந்து கூலு போன்ற வடக்கு நகரங்களுக்கு நடந்த பிள்ளைகள் ஒரு கட்டத்தில் 40,000 வரை. ஆஸ்பத்திரித் திண்ணையிலும் பேருந்து நிலையத்திலும் தூங்கிவிட்டு விடிந்ததும் திரும்பி நடப்பார்கள். 2003-இல் கூலு பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமா கூலு பேருந்து நிலையத்திலேயே பிள்ளைகளோடு நான்கு இரவு படுத்தார். நம் திருச்சபையின் முகம் அதுதான். நாடகத்தில் அந்தக் காட்சியும் உண்டு.

கலையரங்கத்தைப் பற்றி இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1974-இல் நம் அப்பாமார்கள் வள்ளத்து வருமானத்தில் பங்கு எடுத்து வைத்துக் கட்டியது அது. அதற்கு முன் மணலில் பனையோலைப் பந்தல்தான். தேவசகாயம் பிள்ளை நாடகத்தைப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இரவு முழுக்க ஆடுவார்கள். நாடகம் பழக்கும் அண்ணாவியார் ஆர்மோனியத்தில் கை வைத்தால் பக்கத்து மூன்று ஊர்களும் வந்து உட்காரும். பாறை சுமந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் ஒன்பது பேர். 2022-இல் தேவசகாயம் பிள்ளை புனிதராக உயர்த்தப்பட்ட அன்று அந்த ஒன்பது பேரும் கூரையில்லாத அதே மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழைய பாட்டைப் பாடினார்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் எடுத்துப் போன கூரை அது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளைப் பார்ப்பதா, கூரையைப் பார்ப்பதா என்று அப்போது விட்டோம். அது சரியான முடிவுதான். ஆனால் எட்டு வருஷம் தாண்டிவிட்டது.

செலவு இது. இரும்புச் சட்டமும் தகரமும் 2,60,000. மேடைத் தரையும் படிக்கட்டும் 62,000. மின்வேலை 38,000. ஒலி, ஒளி வாடகை 45,000. உடையும் திரையும் 22,000. நாடகப் பிரதி அச்சிட 18,000. ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு 25,000. நாற்காலி, 139 மெழுகுவர்த்தி, மற்றச் சில்லறைச் செலவு 15,000. ஆக மொத்தம் 4,85,000. இதுவரை வந்தது 3,12,500.

கொடுத்தவர்களை நினைக்காமல் மேலே போக முடியாது. மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கும் நம் பிள்ளைகள் சேர்ந்து 1,10,000 அனுப்பினார்கள். அதில் ஒருவருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. திருப்பி அனுப்புகிறோம் என்றோம், வாங்க மறுத்துவிட்டார். மீன் விற்கும் அம்மாமார் 47 பேர் ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தார்கள், 9,400. ஒரு வள்ளத்துக்காரர்கள் ஒருநாள் மீன்பாட்டு வருமானத்தை அப்படியே, 21,000 ரூபாயை, ஐஸ் பெட்டி கழுவும் முன் கொண்டுவந்து தந்தார்கள். சந்தையில் தகரக்கடை வைத்திருக்கும் இஸ்லாமிய அன்பர் வாங்கிய விலைக்கே தகரம் தருகிறார். கொத்தனார் இருவர் இரண்டு நாள் கூலி வேண்டாம் என்றார்கள். வடக்குத் தெருப் பாட்டி ஒருவர் ஹார்லிக்ஸ் டப்பாவில் பத்து ரூபாய் நாணயமாக 1,340 ரூபாய் கொண்டுவந்தார். எண்ணி முடிக்கும் வரை நின்று, பேரன் பேரில் ரசீது எழுதச் சொன்னார். அந்தப் பேரன் ஒக்கியில் போனவன். இவர்கள் குடும்பங்களை ஆண்டவர் காக்கட்டும். ஒவ்வொரு முதல் வெள்ளியும் இவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது.

நம் பங்கில் 410 குடும்பம். கொடுத்தவை 163. மீதி 247 குடும்பம் ஆளுக்கு 700 ரூபாய் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும். கஷ்டப்படும் வீடுகளை நாங்கள் அறிவோம், அவர்களிடம் கேட்கவில்லை. ஆனால் சென்ற திருவிழாவில் ஒரே இரவு வாணவேடிக்கைக்கு 2,80,000 ரூபாய் மூன்றே நாளில் சேர்ந்ததையும் அறிவோம். அன்றைக்கு முதல் ஆளாகப் பெயர் எழுதிய சிலரின் வீட்டுக்கு இந்த நன்கொடை நோட்டோடு நான்கு தடவை போய்விட்டோம். நாளைக்கு வாங்க என்கிறார்கள். எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

என் பிள்ளை அந்த நாடகத்தில் இல்லையே என்றும் சிலர் சொன்னார்கள். அபோக்கேயிலிருந்து பிடித்துப் போன பிள்ளை ஒருத்தியின் அம்மா, ஆஞ்செலினா அட்யாம், லிரா நகரில் செவிலியாக இருந்தவர். மற்றப் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசினார். அவர் பேச்சு உலகம் முழுக்கக் கேட்டதும், வாயை மூடிக்கொள், உன் மகளை மட்டும் விடுகிறோம் என்று கூட்டத்திலிருந்து ஆள் வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் விடு, இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லாரும் என் பிள்ளைகள் என்றார். 1998-இல் ஐ.நா. அவருக்கு மனித உரிமைப் பரிசு கொடுத்தது. மகள் தானாகத் தப்பி வந்து சேர்ந்தது 2004-இல், ஏறக்குறைய எட்டு வருஷம் கழித்து. அந்த அம்மாவின் வேஷம் போடும் பிள்ளைக்குப் பதினாறு வயது. அவளுடைய அம்மா கொடுத்தது 200 ரூபாய், மீன் விற்கும் 47 பேரில் ஒருவர்.

உங்கள் அன்பியப் (பங்கின் குடும்பக் குழு) பொறுப்பாளரிடம் கொடுக்கலாம், அல்லது மாலை 5 முதல் 8 வரை பங்கு அலுவலகத்தில் கட்டலாம். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு. ரசீது கேட்டு வாங்கச் சொல்லிப் பிள்ளைகள் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பணம் முடியாதவர்கள் செப்டம்பர் 13, ஞாயிறு பூசை முடிந்ததும் மண்வெட்டியோடு மேடைக்கு வாருங்கள், படிக்கட்டுக்கு மண் நிரப்ப வேண்டும். வரவு செலவு அக்டோபர் 18 அன்று கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

ஒத்திகை தினமும் மாலை 6 மணிக்கு. வந்து பாருங்கள், பிள்ளைகளுக்குத் தெம்பாக இருக்கும். தேநீர் போட மட்டும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இன்னும் ஆள் இல்லை.

இறையன்பில்,
ஊர்க் கமிட்டியும் பங்குப் பேரவையும்