வாசிக்கிறவளுக்கு முன்னால் நீ வாசித்துவிடாதே

மயிலாடி

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அம்மை எழுதுவது. கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட் தொழிலாளர் லைனில் பெண்களுக்கு எழுத்துப் படிப்பு தொடங்கப் போகிறீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார்கள். எப்படித் தொடங்குவது என்று நீயும் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். இதை மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்.

நேரத்தைச் சரியாக வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே எழும்புகிறார்கள். பால் இறக்கி, எடை போட்டு, வீட்டுக்கு வந்து குளித்து உலை வைத்து முடிப்பதற்குள் மத்தியானம் தாண்டிவிடும். ராத்திரி ஏழு மணிக்கு வகுப்பு வைத்தால் ஆள் வந்து உட்காரும், கண் சொக்கும். பிற்பகல் மூன்றரையிலிருந்து நாலரை வரைக்கும் வை. வாரத்தில் 4 நாள் போதும். ஒரு வகுப்புக்கு 10 பேர், மிஞ்சினால் 12. அதற்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவை மாப்பிள்ளை எடுக்கட்டும்.

மழையையும் கணக்கில் எடுத்துக்கொள் மக்களே. நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பட்டையில் தண்ணீர் வழிந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்துபோகும், அதனால் பிளாஸ்டிக் மறைப்பு கட்டாத மரங்களில் வெட்டு நின்றுவிடும். அந்த நாட்களில் பெண்கள் வீட்டில் இருப்பார்கள், வகுப்பு நிறையும். கடினமான பாடங்களை ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் வருகிற மாதிரி திட்டமிடு. தை மாசியில் ரப்பர் இலை உதிரும்போது வெட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். அப்போது கூட்டம் கூடும் என்று நினைக்காதே, அந்த மாதங்களில் கூலிக்கு வெட்டுகிறவர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். பழைய பாடத்தைத் திருப்பிப் பார்க்க அந்த மாதங்களை வைத்துக்கொள்.

எழுத்தைத் தொடுமுன் கண்ணைப் பார். நாற்பது தாண்டின ஒருத்தி ரேஷன் கார்டைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தால் அவளுக்குக் கண்ணாடி வேண்டும். “எனக்கு மண்டையில ஏறாது” என்று சொல்கிறவர்களில் பல பேருக்கு எழுத்து தெளிவாகத் தெரியவே இல்லை. அதை அவர்களும் அறியமாட்டார்கள், தூரத்தில் இருக்கிற மரம் நன்றாகத்தானே தெரிகிறது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெரும்பாலும் 1.5-லிருந்து 2.5-க்குள் அமைந்துவிடும். கண்ணாடி போட்டும் மங்கலாகவே இருந்தால் புரையாக இருக்கலாம், அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. உட்காரும்போது வெளிச்சம் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். வலப்பக்கத்திலிருந்து வந்தால் எழுதுகிற கையின் நிழல் எழுத்தின் மேலேயே விழும்.

தொடக்கத்தில் நோட்டு வேண்டாம், சிலேட்டு போதும். நோட்டில் போட்ட தப்பு அங்கேயே நிற்கும், மகனும் மருமகளும் பார்ப்பார்கள் என்ற கூச்சம் வரும். சிலேட்டில் துடைத்தால் போயிற்று. கத்தி பிடித்துப் பழகின கை குச்சியையும் இறுக்கித்தான் பிடிக்கும், நுனி ஒடியும், மணிக்கட்டு கடுக்கும். முதல் வாரம் முழுக்க நேர்கோடு, படுகோடு, வட்டம், சுழி மட்டும் போடவை. பொறுமையில்லாமல் அந்த வாரத்தைத் தாண்டினால் பின்னால் ஒவ்வொரு எழுத்திலும் அதற்கு விலை கொடுப்பாய்.

247 எழுத்துப் பட்டியலைச் சுவரில் மாட்டாதே. அதைப் பார்த்த அன்றைக்கே இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். ட, ப, ம மூன்றும் கோடுகளால் ஆனவை, அங்கிருந்து தொடங்கு. அந்த மூன்றும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம் மூன்றையும் முதல் நாளே வாசித்துவிடலாம். பிறகு ‘ா’ என்ற காலைக் கொடு: பாடம், மாமா, பாப்பா. ர-வை அதே வாரத்தில் கொண்டுவராதே, ர-வுக்கும் காலுக்கும் அடியில் ஒரு சின்னக் கீற்றுதான் வித்தியாசம். காலை நன்றாகப் பழகி இரண்டு வாரம் கழித்து ர-வைக் காட்டு, அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை.

ெ, ே, ை மூன்றும் கண்ணுக்கு முன்னால் வரும், வாய்க்குப் பின்னால் வரும். இங்கேதான் நிறையப் பேர் திணறுவார்கள். ‘மே’ என்பதில் முதலில் கொம்பைப் பார்க்கிறாள், ஆனால் சொல்ல வேண்டியது ‘ம்’. கொம்பைக் கண்டால் ஒரு எழுத்து தாண்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கச் சொல். உகரம் இன்னும் சிரமம், ஒரே மாதிரி இல்லாததால். அதை மூன்று கூட்டமாகப் பிரித்துக் கொடு. சு, பு, யு, வு, ஙு ஐந்தும் நேரே கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் கீழே வளையும். து, நு, ணு, லு, று, னு, ஞு ஏழும் சுழித்து மேலேறும். ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம், அதற்கு மேல் வேண்டாம்.

புத்தகத்தில் பலாப்பழம் படம் போட்டு ‘பலா’ என்று எழுதியிருக்கும். அவள் “சக்கை” என்று வாசிப்பாள். அதை வைத்து அவள் எழுத்தை வாசிக்கவில்லை, படத்தை வாசித்தாள் என்று நீ கண்டுபிடித்துவிடலாம். படத்தைக் கையால் மறைத்துவிட்டு மறுபடியும் கேள். அவள் சொல்லைத் தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே. சக்கை, சிரட்டை, ஒட்டுப்பால், மரச்சீனி எல்லாவற்றையும் நீயே அட்டையில் எழுதிப் பாடமாக்கு. ‘ை’ கற்பிக்கச் சக்கையையும் சிரட்டையையும் விட நல்ல சொல் அங்கே கிடைக்காது.

எல்லாரும் முதலில் கேட்பது கையெழுத்துதான். கைநாட்டு வைக்கிற வெட்கம் அவ்வளவு பெரிது. கற்றுக்கொடு, தள்ளிப்போடாதே. ஆனால் பெயரைக் கோலம் மாதிரி வரையப் பழகிவிட்டு அதோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. தங்கம் என்று எழுதத் தெரிந்தவளிடம் ‘பங்கு’, ‘சங்கம்’ இரண்டையும் காட்டு. நடுவில் இருக்கிற ‘ங்’ தன் பெயரிலிருந்துதான் வந்தது என்று அவளே கண்டுபிடித்தால் எழுத்து பிடிபட்டுவிட்டது.

இனிச் சொல்வதுதான் முக்கியம், மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. அவள் ஒரு சொல்லில் நின்று திணறும்போது நீ முந்திச் சொல்லிவிடாதே. பாசத்தினால்தான் சொல்வாய், பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காது. ஆனால் நீ சொன்ன அந்தச் சொல்லை அவள் காதால் கேட்டாள், கண்ணால் வாசிக்கவில்லை. நாளைக்கு அதே சொல்லில் மறுபடியும் நிற்பாள். மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணு. அப்பவும் வரவில்லை என்றால் முதல் எழுத்தின் ஓசையை மட்டும் கொடு. அதற்கும் வரவில்லை என்றால் மீதியைக் கையால் மறைத்து இரண்டிரண்டு எழுத்தாகத் திற. பக்கத்தில் இருக்கிறவர்கள் “இது தெரியாதா” என்று எடுத்துச் சொல்லாமல் பார்த்துக்கொள். ஒருத்தி வாசிக்கும்போது மற்றவர்கள் சிலேட்டில் எழுதட்டும், வாய் சும்மா இருக்கும்.

சபைக்காரப் பெண்களிடம் இன்னொரு சங்கடம் இருக்கிறது. 23-ஆம் சங்கீதம் எல்லாருக்கும் மனப்பாடம். வேதாகமத்தைத் திறந்து வைத்தால் விரலை ஓட்டிக்கொண்டு கடகடவென்று சொல்வார்கள், வாசிப்பு வந்துவிட்டது என்று நீ ஏமாந்துபோவாய். தென்னை ஈர்க்கில் ஒன்றைக் கையில் கொடுத்து ஒவ்வொரு சொல்லாகத் தொடச் சொல். வாய் ‘தாழ்ச்சியடையேன்’ என்று சொல்லும்போது ஈர்க்கில் இன்னும் ‘மேய்ப்பராயிருக்கிறார்’ மேலேயே நிற்கும். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கித் தொட்டால் உண்மை தெரிந்துவிடும். அந்தச் சங்கீதத்தை விலக்க வேண்டாம். வசனத்தை அட்டையில் பெரிதாக எழுதி, சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னால் மனப்பாடமே பாடத்துக்கு உதவும்.

‘மேய்ப்பராயிருக்கிறார்’ என்ற ஒரே சொல்லில் 11 எழுத்து. கொம்பு முன்னால் வருகிற ‘மே’, இரட்டித்த ‘ப்ப’, காலும் ர-வும் ஒட்டி நிற்கிற ‘ரா’, வளைகிற ‘ரு’, எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ‘மேய்ப்பராய்’, ‘இருக்கிறார்’ என்று பிரித்து எழுதிக் காட்டு. வீட்டில் பெரியவர்கள் வைத்துப் போன பழைய வேதாகமமாக இருந்தால் அந்த ‘றா’ வேறு உருவத்தில் இருக்கும். 1978-ல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகள் மாறின. ‘லை’யும் ‘னை’யும் தும்பிக்கை தூக்கி நிற்கும் பழைய அச்சைக் கண்டால் படித்தது எல்லாம் போயிற்று என்று பயந்துவிடுவார்கள். யார் யார் வீட்டில் எந்த அச்சு இருக்கிறது என்று முன்னமே பார்த்து, அந்த 13-ஐயும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடு.

வேதம் வாசிக்க வேண்டுமானால் ஜ, ஷ, ஸ மூன்றையும் கடைசி வரைக்கும் தள்ளிவைக்க முடியாது. ஜெபம், சந்தோஷம், கிறிஸ்து, ஸ்தோத்திரம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் வந்து நிற்கும். முதல் வசனமாக “இயேசு கண்ணீர் விட்டார்” கொடு, மூன்றே சொல், எல்லாம் அறிந்த எழுத்து. முதல் அதிகாரமாக 117-ஆம் சங்கீதம், அதற்கு இரண்டே வசனம். ஓர் அதிகாரம் முழுக்க வாசித்தேன் என்று வீட்டில் போய்ச் சொல்ல முடியும்.

லைனில் இருக்கிற எல்லாரும் சபைக்காரர்கள் இல்லை. கோவிலுக்குப் போகிறவர்களும் வருவார்கள், வர வேண்டும். எழுத்துப் பாடத்துக்குள் வசனத்தை ஒளித்து வைக்காதே. வகுப்பில் ரேஷன் கார்டு, பஸ் போர்டு, பால் எடைச் சீட்டு, பேங்க் பாஸ்புக்கு என்று அவளுக்கு நாளைக்கே வேண்டியதை வாசிக்கட்டும். நாலரைக்கு வகுப்பு முடிந்தது என்று வாய்திறந்து சொல்லிவிட்டு, ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் விருப்பமுள்ளவர்கள் இருக்கலாம் என்று சொல். எழும்பிப் போகிறவளுக்கும் இருக்கிறவளுக்கும் ஒரே முகத்தைக் காட்டு. படிப்பைக் காட்டி ஆளைச் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு ஒருநாள் வந்தால் படிப்பும் போகும், சாட்சியும் போகும். 15 வயது தாண்டின யாரும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் சேர்ந்து தேர்வு எழுதலாம், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேள்.

நம்ம ஊரில் ஆலயமும் பள்ளியும் பிரித்துப் பார்க்க முடியாதபடிதான் வளர்ந்தன. மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் ஆலயம் கட்டியது 1809-ல், கூடவே பள்ளியும் வந்தது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மா பெண்பிள்ளைகளுக்கு எழுத்தையும் லேஸ் பின்னலையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள். நாடார் பெண்களுக்கு மேலுடம்பை மறைக்கவே உரிமையில்லாத காலம் அது, அந்த உரிமை அரச விளம்பரமாக வந்தது 1859-ல். அந்தப் பெண்கள் எழுத்துக் கூட்டினதின் பலனை நீயும் நானும் அனுபவிக்கிறோம். உன் சிலேட்டில் முதல் எழுத்துப் போடுகிறவளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்.

வீட்டு ஜெபத்தை இந்த வேலைக்காக விட்டுவிடாதே, சுருக்கிக்கொள். ஒரு கீர்த்தனை, பத்து வசனம், ஜெபம், 20 நிமிஷத்தில் முடியட்டும். வேதாகமத்தில் 1189 அதிகாரம், தினம் 3, ஞாயிறு 5 என்று போனால் ஒரு வருஷத்தில் முடியும் என்பது சரிதான். ஆனால் அது தனியாக வாசிக்கிறவர்களுக்கான கணக்கு. குடும்பமாக வாசிக்கும்போது ஆளுக்கு இரண்டு வசனம், சின்னவனுக்கும் முறை உண்டு. அவன் திணறும்போது மாப்பிள்ளையும் முந்திச் சொல்லக் கூடாது என்று சொல்லிவை. நெகேமியாவில் வருகிற பெயர்ப் பட்டியல் அவன் முறையில் வந்தால் பெரியவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி வந்து உட்கார்ந்தால் அன்றைக்கு வகுப்பு முடிந்தபின் அவள் வாசித்த வசனத்தை அவளிடமே கொடு. அடுக்களை டப்பாக்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டு, சபைக்கு எடுத்து வைக்கிற பிடியரிசிப் பானையிலும் ஒட்டு. சின்னவனே எழுதட்டும், உன் வீட்டுக்கு வருகிற பெண்களும் அதை நின்று வாசிப்பார்கள்.

வாரக் கடைசியில் வருகிறவர்கள் கையில் சிலேட்டு 12, குச்சி நாலு பெட்டி, பழைய கல்யாண அட்டைகளை வெட்டி ஒரு கட்டு, கண்ணாடி ஐந்து கொடுத்துவிடுகிறேன். கண்ணாடியில் எண் எழுதி ஒட்டியிருக்கிறேன், போட்டுப் பார்த்துப் பொருந்தினதைக் கொடு. நம்ம தென்னையில் கிழித்த ஈர்க்கிலும் ஒரு பிடி உள்ளே இருக்கும். நுனியை ஓர் அங்குலம் வெட்டிவிட்டுக் கொடு, கூராக இருந்தால் வேதாகமத் தாள் மெல்லியது, கிழிந்துவிடும்.

ஜெபத்தோடு,
அம்மை