மராவிச்சின் 83 ஆட்டங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பீட் மராவிச் எடுத்த 3,667 புள்ளிகளை 2024 மார்ச்சில் ஐயோவா வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் கடந்தார் என்று எழுதும்போது, ஆட்ட எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளார்க் நான்கு பருவங்களில் 139 ஆட்டங்களில் 3,951 புள்ளிகள் எடுத்தார். மராவிச் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடியதோ (1967–70) 83 ஆட்டங்கள்தான், ஆட்டத்துக்குச் சராசரி 44.2 புள்ளிகள்.

முதலாண்டு மாணவர்களை முதன்மை அணியில் அன்று சேர்க்கமாட்டார்கள்; அதனால் அவருக்குக் கிடைத்தவை மூன்று பருவங்களே. மூன்று புள்ளிக் கோடும் கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். பந்தை எறியக் காலக்கெடு இல்லாததால் எதிரணி அதைக் கையிலேயே வைத்து நேரத்தைக் கடத்தலாம். மறுபக்கத்தையும் சொல்லிவிடுவோம்: பயிற்சியாளர் அவருடைய அப்பா. ஆட்டத்துக்குச் சுமார் 38 முறை கூடையை நோக்கி எறிய வேறு யாருக்கு விடுவார்கள்?

இந்த ஒப்பீட்டில் அடிபட்டுப்போவது லினெட் வுட்டர்ட். கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக 1977–81இல் 3,649 புள்ளிகள் எடுத்தவர். பெண்கள் போட்டிகளை அன்று வேறொரு சங்கம் நடத்தியதால், இன்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ சங்கத்தின் சாதனைப் பட்டியலில் அவை இடம்பெறவில்லை.

– ஒரு கூடைப்பந்து வாசகர்